மீன் நோக்கும் மீன் தொட்டியும்

குஞ்சு வளர்ப்புக்கு நம் மரபு மூன்று வழிகளைச் சொல்கிறது. பறவை தொட்டு அடைகாக்கும். ஆமை கரையில் இட்ட முட்டையைத் தொலைவிலிருந்து நினைத்தே பொரிக்கச் செய்யும். மீனோ பார்த்துக்கொண்டிருந்தே பொரிக்கும். சைவர்கள் இம்மூன்றையும் குருவருளுக்கு உவமையாக்கிப் பரிச தீட்சை, மானச தீட்சை, நயன தீட்சை என்றார்கள். மதுரையில் வீற்றிருப்பவளுக்கு மீனாட்சி என்று பெயர் அமைந்ததற்கும் இதையே விளக்கமாகச் சொல்வதுண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் வேறு துறை மாணவர் யாராவது ஒருவர் சிரிப்பார். "மீன் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும் ஐயா" என்பார்.

பெரும்பாலான மீன்களைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான். கெண்டையினம் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு அகன்றுவிடும். ஆனால் நம் கண்மாய்க் கரைகளில் வளர்ந்தவர்களுக்கு விராலைத் தெரியும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் நெளிய, கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். இந்தக் காவலைத் தம் குலத்தொழிலாகவே கொண்ட மீன் குடும்பம் ஒன்று உண்டு. சிக்லிட் என்பது அதன் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் வீட்டுக் கூடங்களில் இருக்கும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் ஏஞ்சல், டிஸ்கஸ், வரிக்குதிரை போன்ற கோடுகளுடைய கான்விக்ட் எல்லாம் இக்குடும்பத்தவையே. பெரும்பாலானவை தென்னமெரிக்க, மத்திய அமெரிக்க, ஆப்பிரிக்க நீர்நிலைகளைச் சேர்ந்தவை. இந்தியாவுக்கு உரியவை மூன்றே இனங்கள்: 2010இல் கேரளம் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன், கர்நாடகத்து ஆறுகளில் வாழும் அதன் உறவு ஒன்று, ஆரஞ்ச் குரோமைட் என்று உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் சிறுமீன் ஒன்று.

இந்த ஆரஞ்ச் குரோமைட்டின் குஞ்சுகள் பெற்றோரின் உடலை உரசி, அதன் மேலுள்ள வழவழப்பான கோழையைக் கொறித்து உண்கின்றன. டிஸ்கஸ் குஞ்சுகளுக்கும் நீந்தத் தொடங்கிய முதல் நாட்களில் பெற்றோரின் மேனிதான் உணவு. பாலூட்டாத உயிரொன்று தன் தோலையே முலையாக்கிக்கொண்டதைப் போன்றது இது. கான்விக்ட் இணையோ, குஞ்சுகள் எட்ட முடியாத இலைச் சருகைப் புரட்டிக் கொடுக்கும். துடுப்பால் மணலைக் கிளறி உணவைக் கிளப்பிவிடும். ஆபத்து என்றால் உடலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், குஞ்சுகள் சட்டென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ், 'கிங் சாலமன்ஸ் ரிங்' என்ற தம் நூலில் ஒரு தந்தை மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். சிக்லிட்டுகளில் ஜூவல் மீன் என்பது அதன் இனம். மாலையில் வழிதவறிய குஞ்சுகளை வாயில் கவ்விக் குழிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. ஒருநாள் அது மண்புழு ஒன்றை வாயில் வைத்திருந்த நேரத்தில் தனித்து வந்த குஞ்சொன்றைக் கண்டு அதையும் கவ்விக்கொண்டது. ஒன்று வயிற்றுக்கு, மற்றது வீட்டுக்கு. சில நொடிகள் அசையாமல் நின்ற அந்த மீன் இரண்டையும் உமிழ்ந்தது. குஞ்சின் மேல் ஒரு கண் வைத்தபடியே புழுவைத் தின்றது. பிறகு குஞ்சைக் கவ்விக்கொண்டு வீடு திரும்பியது. நயன தீட்சை என்ற உவமையைப் பார்த்துச் சிரிக்கும் மாணவருக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுக்கலாம்.

இத்தகைய மீன்களை வாங்கி வைத்துக்கொண்டு நாம் செய்வது என்ன? முட்டை விழுந்ததும் அது ஒட்டியிருக்கும் பலகையையோ ஓட்டையோ எடுத்து வேறு தொட்டியில் போடு. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மெத்திலீன் புளூ சேர். காற்றுக் குழாயை அருகில் வை. இதுதான் பரவலாகக் கிடைக்கும் அறிவுரை. பெற்றோர் முட்டையைத் தின்றுவிடும், பிரித்தால் இருநூறும் பிழைக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். விற்பனைக்காக மீன் பெருக்கும் சென்னைக் கொளத்தூர்ப் பண்ணைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அது அவர்கள் பிழைப்பு. வீட்டில் வைத்து வளர்ப்பவருக்கு இருநூறு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ராஜபாளையத்தில் இதை விளக்குவது எளிது. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நாயினத்தின் ஊர் அது. கூடுதலாக நான்கு குட்டி பிழைக்கும் என்பதற்காகப் பிறந்த அன்றே குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்துவிடலாம் என்று அந்த ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். நாய்க்கு நாம் ஒப்பாததை மீனுக்கு மட்டும் நல்ல முறை என்கிறோம். கண்ணாடிக்குள் இருப்பதைப் பொருளாகக் காண நம் கண் பழகிவிட்டது.

பெற்றோர் முட்டையைத் தின்பது உண்மைதான். இளம் இணைகள் முதல் ஈட்டில் அப்படிச் செய்வது மிகுதி. தொந்தரவு, பசி, அருகே வேறு மீன்களின் நடமாட்டம் ஆகியவையும் காரணம். பொறுத்திருந்தால் இரண்டாம், மூன்றாம் ஈட்டில் பல இணைகள் தேறிவிடும். ஆகவே குஞ்சுகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வேண்டாம். பெற்றோரைப் பிற மீன்களிடமிருந்து பிரித்துத் தனித் தொட்டி கொடுங்கள். கவிழ்த்த மண்சட்டி ஒன்று, குஞ்சுகளை உறிஞ்சிவிடாத ஸ்பாஞ்ச் ஃபில்டர், குடத்தில் பிடித்து ஒருநாள் வைத்துக் குளோரின் நீங்கிய தண்ணீர் ஆகியவை போதும். கான்விக்ட் முட்டை மூன்று நாளில் பொரியும். மேலும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தும். உப்புநீரில் ஒருநாளில் பொரியும் ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, நாள்தோறும் கொஞ்சம் நீரை மாற்றி வந்தால் மீதியைத் தாயும் தந்தையும் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஈட்டுக்கு ஆயத்தமாகி மூத்த குஞ்சுகளை அவை விரட்டத் தொடங்கும்போது பிரித்தால் போதும். பிரிவின் நாளை அவையே குறிக்கட்டும்.

இம்முறையில் குஞ்சுகள் குறையும். குறையட்டும் என்பதே என் வாதம். எண்ணிக்கையை வெற்றியாகக் கருதும் மனம் அடுத்து எங்கே போய் நிற்கும் என்பதை நம் நீர்நிலைகளில் பார்க்கிறோம். இருநூறு குஞ்சுகளும் விரல்நீளம் வளர்ந்து ஒன்றையொன்று கடிக்கும். கடைக்காரர் ஐம்பதுக்கு மேல் வேண்டாம் என்பார். நண்பர்களின் தொட்டிகளும் நிறைந்துவிடும். அப்போது ஒரு வாளியும் பக்கத்திலிருக்கும் கண்மாயும்தான் வழியாகத் தோன்றும். கொல்ல மனமில்லாததால் விட்டுவிடுகிறோம், அது புண்ணியம் என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

அந்தப் புண்ணியத்தின் விளைவை அறிய ஜிலேபிக் கெண்டையைப் பார்த்தால் போதும். அதுவும் ஒரு சிக்லிட்தான், ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. உணவுக்காக 1952இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரித்து, குஞ்சுகள் நீந்திய பின்னும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். அந்த நாட்களில் அது ஏறக்குறைய பட்டினிதான். இவ்வளவு காவலோடு வளர்வதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. முட்டையை நீரின் பொறுப்பில் விட்டுச் செல்லும் நம் கெண்டைகளால் இதனோடு எப்படிப் போட்டியிட முடியும்? உலகின் மிகக் கேடான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. கண்மாய் வற்றும் பருவத்தில் கூடைகளில் எது நிறைந்திருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் தேவைப்படாது.

தொட்டியில் நம்மை நெகிழவைக்கும் அதே பிள்ளைப் பாசம்தான் கண்மாயில் படையெடுப்பாகிறது. குற்றம் மீனுடையதன்று, அது எங்கும் ஒன்றையே செய்கிறது. இடம் மாற்றியவர்கள் நாம். தொட்டியில் பெருத்துவிட்ட 'டேங்க் கிளீனர்' மீன்கள் தமிழக நீர்நிலைகளில் வலைகளைக் கிழித்துக்கொண்டு கிடைப்பதும் இப்படித்தான். மலையடிவாரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் செல்லும்படி அமைந்த நம் கண்மாய்களில், ஓரிடத்தில் விட்டது ஓரிடத்தோடு நிற்பதுமில்லை.

ஆகவே சிக்லிட் வளர்க்க விரும்பும் நண்பர்கள் முட்டை விழுவதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்: எத்தனைக்கு என்னிடம் இடமுண்டு, மீதியை யார் வாங்கிக்கொள்வார்? விடையில்லையென்றால் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைப்பதோ, முட்டை பொரியும் முன்பே எடுத்துவிடுவதோ நேர்மையான செயல். பெற்றோரின் கண்காணிப்பில் தேறிய பத்துக் குஞ்சுகளை வளர்ப்பவர் ஒரு குடும்ப வாழ்வை முழுதாகப் பார்த்தவர். இருநூறை வளர்த்தவர் பெரும்பாலும் தண்ணீர் மாற்றியிருப்பார், அவ்வளவுதான். பிறகு ஒரு மாலையில் வாளியோடு கண்மாய்க் கரையில் நிற்பார். அந்தக் கரைக்கு அவர் போகவேண்டியிராதபடி தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்வதுதான் மீன் வளர்ப்பில் மனிதன் செய்ய வேண்டிய வேலை.