வீட்டு வரியில் பத்துப் பைசா

மங்களூர் என்றதும் அரபிக்கடலும் கன்னட நாடும் நினைவுக்கு வருவோர் பொறுத்தருள வேண்டும். நாம் சொல்வது கடலூர் மாவட்டத்து மங்களூர்; ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரும் அதுவே. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களைத் தாண்டி மேற்கே சென்றால், மக்காச்சோளமும் பருத்தியுமாக விரியும் மானாவாரி பூமி. இமையமும் கண்மணி குணசேகரனும் எழுதி எழுதித் தீராத வட்டாரம். 1994-இல் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது சிற்றிதழ் வாசகர்கள் இந்த மண்ணின் பேச்சைக் கேட்டு வியந்தார்கள். 2007-இல் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யே தொகுத்துத் தந்துவிட்டார். இந்த மண்ணைப் பற்றிய நாவல்களை நாம் படித்துவிட்டோம். இந்த மண்ணில் இருப்பவர் அவற்றைப் படிக்க எங்கே போவார் என்பதைத்தான் நாம் கேட்டதில்லை.

அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஊராட்சி நூலகக் கட்டிடத்தைப் பார்க்க நேர்ந்தது. சுவரில் பெயர் எழுதியிருந்தது, கதவில் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு இரண்டு பேர் இரண்டு வீடுகளைக் காட்டினார்கள். சன்னல் வழியே பார்த்தபோது அலமாரியும் அதில் புத்தகங்களும் தெரிந்தன. கட்டு பிரிக்கப்பட்டிருந்தது என்பதே ஓர் ஆறுதல்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நமக்கு விருப்பமில்லை. பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

தமிழகத்தில் பொது நூலகம் அரசின் தயவில் நடப்பதல்ல. சட்டப்படி நாம் கட்டும் வரியில் நடப்பது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் இலண்டன் சென்றார். பல்கலைக்கழக வகுப்பைவிட அங்குள்ள பொது நூலகங்கள், குறிப்பாகக் கிராய்டன் நூலகம், அவர் கண்ணைத் திறந்தன என்பார்கள். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1931-இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாயின. அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகப் புறப்பட்டன. பிறகு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரையணா, நூலகத்துக்கு என்று அது எழுதி வைத்தது. அந்த அரையணா வளர்ந்து இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசாவாக நிற்கிறது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் பின்னாளில் சட்டம் இயற்றியும் இப்படி ஒரு வரியை விதிக்கத் துணியவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயந்தான், சந்தேகமில்லை.

சிக்கல் அந்தப் பத்துப் பைசா நடக்கும் வழியில் இருக்கிறது. வரியை வசூலிப்பது மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும். செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்தவர் தமக்கே ஆயிரம் அவசரம் வைத்திருப்பார். குப்பை, மழைநீர், சம்பளம். பிறருக்குச் சேர வேண்டிய பணம் கையில் இருக்கும்போது அதைப் பிறகு தரலாம் என்று தோன்றுவது இயல்பு. சென்னையில் நூலக வரி நிலுவை என்பது அவ்வப்போது நாளிதழில் தலைகாட்டும் செய்தி. பெங்களூரிலும் இதே கதைதான்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி பொதுச் சீராய்வு ஏறத்தாழ கால் நூற்றாண்டு நடைமுறைக்கு வரவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தார்கள். 2022-இல்தான் உயர்வு நிலைத்தது. நூலக வரி சொத்து வரியின் வால். தலை நகராதபோது வால் எப்படி நகரும்? புதிய கட்டிடங்கள் எழும்பியதால் தொகை கூடியிருக்கலாம். ஆனால் இருக்கிற வீட்டிலிருந்து வந்த பங்கு அந்த இருபத்து நான்கு ஆண்டுகளும் 1998-இன் கணக்கிலேயே நின்றது. இதற்கிடையே காகித விலை எத்தனை முறை ஏறியது என்பதைச் சிற்றிதழ் நடத்திக் கை சுட்டுக்கொண்டவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இனி மங்களூருக்கு வருவோம். ஊராட்சியில் ஒரு வீட்டுக்கு இருநூறு ரூபாய் வரி என்று வைத்துக்கொண்டால் நூலகப் பங்கு இருபது ரூபாய். சென்னையில் ஓர் அடுக்ககக் குடியிருப்புக்குப் பத்தாயிரம் என்றால் ஆயிரம் ரூபாய். ஒவ்வொரு மாவட்டத்து வரியும் அந்தந்த மாவட்ட ஆணைக்குழுவுக்கே சேர்கிறது. ஆகவே கட்டிடம் மிகுந்த ஊருக்கு நூல் மிகும், மண் மிகுந்த ஊருக்கு நூல் குறையும். யாரும் திட்டமிட்டுச் செய்த அநீதியல்ல இது. 1948-இல் வகுத்த கணக்கு எழுபது ஆண்டு நகரமயத்தில் தானாகவே இப்படிச் சாய்ந்துவிட்டது.

சென்னைக்காரர் பணத்தை மங்களூருக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்பவர் உண்டு. நாம் மரியாதையோடு ஒன்று சொல்வோம். அந்த அடுக்ககத்துக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவர்கள் யார்? விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்திலிருந்து மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தோடு இரயிலேறியவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் சுமந்த செங்கல்லின் மதிப்பில் விதிக்கப்படும் வரியில் அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு இருப்பது தர்மம் அல்ல, பாக்கி.

2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் என்றது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். எண்ணிப் பார்க்கவே மலைப்பான காரியம். கட்டிடமும் அலமாரியும் முதல் தொகுதிப் புத்தகமும் வந்தன. திறந்து வைத்து உட்கார ஓர் ஆளுக்குத் தொடர்ந்து கூலி தரும் ஏற்பாடுதான் வலுவாக வரவில்லை. அமெரிக்கச் செல்வர் கார்னகி ஊர்களுக்கு நூலகம் கட்டித் தந்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்: கட்டிடத்துக்குத் தாம் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் தன் வரியிலிருந்து நூலகத்துக்குச் செலவிட வேண்டும். வியாபாரியின் புத்தி! கட்டுவது ஒருநாள் காரியம், திறந்து வைப்பது தினசரிக் காரியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பணக்கார நகரங்களிலும் இந்தத் தினசரிக் காரியந்தான் முதலில் அடிவாங்குகிறது. 2023 நவம்பரில் நியூயார்க் நகர நிர்வாகம் நிதியைக் குறைத்தபோது அந்நகரத்து நூலகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவை மூடின. வாசகர்கள் ஓயாமல் குரல் கொடுத்தார்கள். 2024-இல் பணம் திரும்பியது, ஞாயிறும் திரும்பியது. ரங்கநாதனுக்குப் பாடம் சொன்ன கிராய்டனோ அதே 2024-இல் நான்கு கிளைகளை மூட முடிவெடுத்தது.

குரல் என்றதும் நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2010 செப்டம்பர் 15-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் எட்டு ஏக்கரில் ஒன்பது தளங்களோடு திறந்தது. மறு ஆண்டு நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தபோது எழுத்தாளர்கள் எழுந்தார்கள், வழக்கு உயர்நீதிமன்றம் போனது, நூலகம் நிலைத்தது. நல்ல காரியம். 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோதும் மகிழ்ந்தோம். ஆனால் பூட்டிய ஊராட்சி நூலகத்துக்காக நம்மில் ஒருவரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. நம் புத்தகங்களுக்கு நூலக ஆணை கிடைத்ததா என்று விசாரிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை, அந்தப் பிரதிகள் போய்ச் சேர்ந்த ஊரில் கதவு திறக்கிறதா என்பதில் நாம் காட்டியதுண்டா?

கிளை நூலகங்களில் இலக்கியம் படிப்போர் குறைந்து போட்டித் தேர்வுக்குப் படிப்போர் நிரம்பிவிட்டார்கள் என்று நம் நண்பர்கள் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. இந்தச் சலிப்பு நமக்கு உவப்பில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் கூடத்தில் ஃபியூஸ் கேரியருக்கு மண் பிசைபவரின் மகள் மாலையில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்குப் படித்தால், அந்த நாற்காலி தன் வேலையைச் செய்கிறது. காலையில் நாளிதழுக்கு வரும் பெரியவருக்கும் அது செய்கிறது. பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு நாவலை அந்தப் பெண் என்றாவது எடுப்பாள், எடுக்காமலும் போவாள். நாற்காலிக்கு அது நிபந்தனையாக முடியாது.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. வரி கட்டும் அன்றே நூலகப் பங்கு பிரிந்து நூலகக் கணக்குக்கு நேரே போகட்டும். இணையவழி வசூல் வந்துவிட்ட காலத்தில் இது கடினமல்ல. பெருநகர ஆணைக்குழுக்களின் வருவாயில் ஒரு பகுதி மாநிலப் பொதுநிதியாகி, வறண்ட ஒன்றியங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரியட்டும். ஊராட்சி நூலகங்களை நூலகத்துறை தன் பொறுப்பில் ஏற்று, புதிய புத்தகத்துக்கு முன்பாக ஓர் ஆளுக்கு முறையான ஊதியம் தரட்டும். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை திறந்திருந்தாலே போதும். காட்டு வேலை முடிந்து வருகிறவர்களுக்கும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கும் தோதான நேரம் அதுதான்.

அடுத்த முறை வீட்டு வரி கட்டும்போது இரசீதில் நூலக வரி என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அந்தத் தொகை இந்த ஆண்டு ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு தாள் மனு. நாம் சிலர் இந்த மாதம் எழுதிப் போடுகிறோம். சேர்ந்துகொள்ள விரும்புவோர் தத்தம் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.