செயற்கைக்கோள் படத்தில் 13 சென்ட் வெறும் ஒரு புள்ளி

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம் தோழர்களே.

இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987லிருந்து நாட்டின் காடுகளை அளந்து அறிக்கை வெளியிட்டு வருது. இந்த அளவீட்டுக்கு அடிப்படை, ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 கேமரா எடுக்கும் படங்கள். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 13.5 சென்ட். மலையில் ஒரு பழங்குடிக் குடும்பத்தின் வீடு, வாசல், மாட்டுக்கொட்டகை, ஓரத்தில் நாலு பலாமரம் எல்லாம் அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிடும். அந்தப் புள்ளிக்கு ஒரே நிறம்தான். பச்சை என்று விழுந்தால் பச்சை.

அந்த அறிக்கையில் "காடு" என்றால் என்ன தெரியுமா? ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பு, அதில் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. இந்த வரையறைப்படி பெரிய தென்னந்தோப்பும் காடுதான், முதுமலையும் காடுதான். நாடு முழுக்க மரப்பரப்பு ஏறுதா இறங்குதா என்று பார்க்க இது ஓரளவு உதவும். ஆனா இப்படிப்பட்ட படத்தை மேசையில் விரிச்சு வெச்சு, "உன் நிலம் இதில் தெரியலையே" என்று ஒரு குடும்பத்திடம் சொன்னா அது அநியாயம்.

நாம தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. இதைத் தெளிவாவே சொல்லிடணும். காட்டுத்தீ எச்சரிக்கையையே எடுத்துக்கோங்க. செயற்கைக்கோள் வெப்பத்தைக் கண்டுபிடிச்சு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு வனத்துறை ஊழியரின் செல்போனுக்கே குறுஞ்செய்தி வருது. பொதுமக்களும் வன ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்து வாங்கிக்கலாம். நல்ல ஏற்பாடு. 2018 மார்ச் 11ஐ, குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டோம். மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தாங்க. தீ எங்கே என்ற தகவல் ஒரு மணி நேரம் முன்னாடி கிடைப்பதன் மதிப்பு அப்போதான் புரியும்.

ஆனா அந்தச் செயற்கைக்கோள் நாளில் குறிப்பிட்ட நேரங்களில்தான் நம் தலைக்கு மேல் கடக்குது. மத்தியானம் மூன்று மணிக்குப் பிடிக்கிற தீயை அது இரவில் கடக்கும்போதுதான் பார்க்கும். கூர்மையான விர்ஸ் கருவியிலேயே ஒரு புள்ளி 375 மீட்டர். அந்த 375 மீட்டருக்குள் தீ எந்தப் பள்ளத்தில் இருக்கு, காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்று தெரிஞ்சவர் யார்? தழையை ஒடிச்சுக்கிட்டு அணைக்க ஓடுகிற வேட்டைத் தடுப்புக் காவலர், தீத்தடுப்புக் காவலர். அவங்கள்ல பலர் அதே மலையின் பழங்குடி மக்கள்தான். தீ அணைக்கப் போகும்போது மட்டும் அவங்க அறிவு வேணும், எல்லை வரையும்போது வேண்டாமா?

இப்ப விஷயத்துக்கு வருவோம். 2006 வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்துவந்த பழங்குடிகளுக்கு அந்த நிலத்தின் மீது உரிமை தருது. எப்படி நிரூபிப்பது? அந்த டிசம்பர் மாசப் படத்தைப் பாருங்கன்னு சிலர் சொல்றாங்க. மேற்குத்தொடர்ச்சி மலையில் வடகிழக்குப் பருவமழை மேகம் நிற்கிற மாசம் அது. மேகம் இல்லாத படமே கிடைச்சாலும், மரங்களுக்கு நடுவே சாமையும் கேழ்வரகும் விதைச்சு, அறுத்து, அடுத்த வருஷம் தரிசாப் போட்ட கொத்துக்காடு அதில் எப்படித் தெரியும்? புதர் என்றோ திறந்த காடு என்றோதான் தெரியும். தேன் எடுக்கிற பாறையும், நெல்லிக்காய் பொறுக்கப் போகிற பாதையும், குலசாமிக் கல்லும் எந்தக் கேமராவிலும் விழாது. அவையும் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிற உரிமைகள்தான்.

இதைச் சட்டமே ஒத்துக்கிட்டிருக்கு. 2012ல் திருத்தப்பட்ட விதிகளின் 12ஏ, செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாக முடியாது என்று சொல்லுது. குஜராத்தில் படத்தை வைத்து மனுக்களைத் தள்ளுபடி செய்த விவகாரம் 2013ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் வரை போச்சு. படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நீதிமன்றம் ஏற்கலை. அதே தெற்கு குஜராத்தில் பழங்குடி கிராமங்கள் இன்னொரு வேலையும் செய்தாங்க. கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு தங்கள் நிலத்தைத் தாங்களே சுற்றி நடந்து அளந்து, அதைக் கூகுள் எர்த்தில் ஏற்றி, "இதோ பாருங்க"ன்னு அதிகாரிகள் முன்னாடி வெச்சாங்க. நிராகரிக்கப் பயன்பட்ட கருவி அவங்க கைக்குப் போனதும் சாட்சியாயிடுச்சு.

2019 பிப்ரவரி 13 நினைவிருக்கா? மனு நிராகரிக்கப்பட்ட குடும்பங்களைக் காட்டை விட்டு வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு பிப்ரவரி 28ல் அதை நிறுத்தி வெச்சது. அந்த முதல் உத்தரவிலேயே, ஆக்கிரமிப்பு நிலவரத்தைச் செயற்கைக்கோள் வழியா அளந்து தாக்கல் செய்யும்படி வன ஆய்வு நிறுவனத்துக்கும் சொல்லியிருந்தாங்க. லட்சக்கணக்கான குடும்பங்களின் தலைவிதி நாளைக்கு ஒரு வரைபடத்தில் போய் நிற்கலாம். அதனாலதான் இந்தப் பேச்சு.

எல்லைக்கோட்டையும் கொஞ்சம் பார்க்கணும். நம்ம ஊர் காப்புக்காடுகள் பல 1882ஆம் வருஷத்துச் சட்டப்படி அறிவிக்கப்பட்டவை. பழைய அறிவிக்கைகளில் கற்குவியல், ஓடை, மலைமுகடு இவைதான் எல்லை. அதைக் காகித வரைபடத்தில் கோடாக்கி, இப்ப கணினியில் ஏற்றுறாங்க. 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். பேனா கோட்டின் தடிமனிலேயே ஒரு வீடு உள்ளே போகும், வெளியே வரும். இணைய வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்தக் கோடு முடி மாதிரி மெல்லிசா, ரொம்பத் துல்லியமாத் தெரியும். பார்க்கிறவர் அதை நம்பிடுவார்.

"வரைபடத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டா ஆக்கிரமிப்பு செய்றவனுக்குத்தான் வசதி"ன்னு சில அதிகாரிகள் சொல்வாங்க. ஆக்கிரமிக்கிற வசதி படைத்தவனுக்கு சர்வேயரும் உண்டு, வக்கீலும் உண்டு. வரைபடம் இல்லாதது ஏழைக்கு மட்டும்தான். பிரேசிலைப் பாருங்க. அவங்க விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே 1988லிருந்து அமேசான் காடழிப்பை வருஷாவருஷம் அளந்து வெளியிடுது. 2004ல் உடனடி எச்சரிக்கை முறையும் வந்தது. அந்த வருஷம் 27,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருந்த அழிப்பு 2012ல் 5,000க்குக் கீழே இறங்கியதற்கு அந்தக் கண்காணிப்பும் ஒரு காரணம். 2019ல் அழிப்பு ஏறுதுன்னு தரவு காட்டியபோது, அதிபர் போல்சனாரோ அது பொய்னு சொல்லி, நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவைப் பதவியிலிருந்து தூக்கினார். ஆனா தரவு ஏற்கனவே உலகத்தின் பார்வையில் இருந்தது, மறைக்க முடியலை.

நாம கேட்பது பெருசா ஒண்ணுமில்லை. பட்டாதாரர் தன் சர்வே எண்ணைப் போட்டு நிலத்தின் வரைபடத்தை வீட்டிலிருந்தே எடுக்கிறார். அதே மாதிரி காப்புக்காட்டு எல்லை, யானை வழித்தடம், வன உரிமைப் பட்டா தந்த நிலம் எல்லாம் தமிழில், செல்போனில் திறக்கிற மாதிரி ஒரே இடத்தில் வேணும். எந்தத் தேதிப் படம், எத்தனை மீட்டர் பிழை என்பதும் அதிலேயே எழுதியிருக்கணும். கோடு தப்புன்னா கிராம சபை நடந்து அளந்து தீர்மானம் போட்டு அனுப்பும். அதற்கு எழுத்துப்பூர்வமா பதில் வரணும், பதில் வரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. உரிமையை முடிவு செய்யும் நடைமுறை முடியும்வரை வெளியேற்றம் கூடாதுன்னு சட்டத்தின் 4(5) பிரிவு ஏற்கனவே சொல்லுது.

இன்னொண்ணு, பலருக்கும் தெரியாதது. வன வரைபடத்தையும் வருவாய்த்துறை வரைபடத்தையும் கிராம சபைக்கோ வன உரிமைக் குழுவுக்கோ கொடுக்க வேண்டியது கோட்ட அளவிலான குழுவின் கடமை. விதி 6ல் இருக்கு. கெஞ்சி வாங்க வேண்டியதில்லை.

நீலகிரி, சத்தியமங்கலம், ஜவ்வாது, கல்வராயன், கொல்லிமலை, வால்பாறை, கொடைக்கானல் பகுதித் தோழர்களே, உங்க ஊர் வன உரிமைக் குழு கையில் அந்த இரண்டு வரைபடமும் இருக்கான்னு இந்த வாரமே கேளுங்க. இல்லைன்னா விதி 6ஐக் குறிப்பிட்டு கோட்டாட்சியருக்கு மனு போடுங்க, ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீங்க. மனு மாதிரி வேணும்னா ஊர் பெயரோடு இந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்புங்க.

#வனஉரிமை #வரைபடம்மக்களுக்கே