எத்தனை செய்திருக்கிறீர்கள், டாக்டர்?

கணையப் புற்றுநோய்க்கும் இனி சிறு துளை போதும், தழும்பு தெரியாது, சில நாட்களில் வீடு திரும்பலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது அழகு பற்றிய விஷயமே அல்ல. வயிற்றைத் திறந்து தைத்தவர் மறுபடி தறிக்குழியில் இறங்கி மிதிபலகையை மிதிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பாவு தறியிலேயே கிடக்கும், வாங்கிய முன்பணம் தலைமேல் நிற்கும். சீக்கிரம் தறிக்குத் திரும்பும் ஆசையைத்தான் விளம்பரம் பிடித்துக்கொள்கிறது.

கணையத்தின் தலையில் வரும் புற்றுநோய்க்குச் செய்யும் விப்பிள் அறுவை சிகிச்சை பித்தப்பைக் கல்லை எடுப்பது போன்றதல்ல. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் குடலோடு இணைக்க வேண்டும். கணையமோ ஊசி நூலைத் தாங்காத மென்மையான உறுப்பு. அந்தத் தையல் கசிந்தால் கணைய நீர் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களையே அரித்துவிடும். தோலில் போட்ட துளையின் அளவு இதில் எதையும் எளிதாக்குவதில்லை.

இதை லேப்ராஸ்கோப்பி எனும் துளை முறையில் செய்து காட்டியதில் தமிழகத்துக்குப் பெருமை உண்டு. கோவை ஜெம் மருத்துவமனையில் டாக்டர் பழனிவேலு குழுவினர் 64 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2017இல் முடிவை வெளியிட்டார்கள். துளை முறையில் மருத்துவமனையில் தங்கியது 7 நாள், திறந்த முறையில் 13 நாள். ஆனால் நெதர்லாந்தில் பயிற்சி பெற்ற நிபுணர்களே நடத்திய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. அங்கே துளை முறையில் 50 பேரில் 5 பேர் சிக்கல்களால் இறந்தார்கள். திறந்த முறையில் 49 பேரில் ஒருவர். எண்ணிக்கை சிறியதுதான், அலட்சியம் செய்யக்கூடியதல்ல. (கணையத்தின் வால் பகுதியில் உள்ள கட்டிக்கு இம்முறை பெரும்பாலும் பாதுகாப்பானதே, அச்சம் தலைப் பகுதி பற்றியது.) கோவையின் அனுபவம் விளம்பரம் செய்கிற எல்லா மருத்துவமனைக்கும் தானாக வந்துவிடாது.

1968இல் புற்றுநோய்க்காக அண்ணா நியூயார்க் வரை போக வேண்டியிருந்தது. இன்று அவர் பிறந்த காஞ்சியிலேயே, காரப்பேட்டையில், அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இப்படி மக்கள் பணத்தைப் பெறும் ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுக்கு எத்தனை விப்பிள் செய்தது, 90 நாட்களுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வெளியிட வேண்டும். வெளியிட மறுத்தால் இந்தச் சிகிச்சைக்கான அனுமதியை அரசு ரத்து செய்யட்டும்.

இதெல்லாம் அறுவை சிகிச்சை செய்யும் நிலையில் வந்து சேர்பவர்களுக்கு. ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் அந்தக் கட்டம் தாண்டித்தான் வருகிறார்கள். வலியில்லாத மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, வெளுத்த மலம், காரணமில்லாத மெலிவு, ஐம்பதுக்கு மேல் திடீரென வந்த சர்க்கரை என எதையும் கீழாநெல்லியிலும் பத்தியத்திலும் கடத்திவிடுகிறோம். கண் மஞ்சளானால் அந்த வாரமே ஸ்கேன் எடுங்கள்.