இது யாருடைய பிரச்சினை, தோழர்?

செங்கோட்டையில் நம் தோழர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, கல்லூரிப் பெண்ணொருத்தி 2022இல் வந்த ‘செமாண்டிக் எரர்’ என்கிற கொரியத் தொடரைப் பற்றிச் சொன்னாள். இரண்டு மாணவர்களின் காதல் கதை. மூத்த தோழர் ஒருவர் வெடித்தார்: “இதெல்லாம் மேட்டுக்குடிச் சீக்கு. நமக்கு எதுக்கு வே?” எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோழரே, 1916இலேயே அம்பேத்கர் என்ன சொன்னார்? அகமணம்தான் சாதியின் உயிர் என்றார். யார் யாரோடு சேரலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம்தான் சாதி. அதுதான் 2016இல் உடுமலையில் சங்கரை நட்டநடு ரோட்டில் வெட்டியது. பெண்ணை நேசிக்கிற பெண்ணை அடித்துப் பூட்டிவைத்து, சொந்தச் சாதி மாப்பிள்ளைக்குக் கட்டிவைப்பதும் அதேதான். அரிவாள் ஒன்று, கழுத்துதான் வேறு.

மேட்டுக்குடிச் சீக்காம்! கொரியாவிலும் இப்படித்தான் சொல்றான். 2024இல் ‘லவ் இன் த பிக் சிட்டி’ தொடர் வந்தபோது அதை ஒளிபரப்பக்கூடாது என்று பழமைவாதக் கும்பல்கள் கூச்சல் போட்டன. இங்கே 2018இல் 377இன் விலங்கை உடைத்த உச்ச நீதிமன்றம், 2023இல் தன்பால் திருமணத்துக்குக் கைவிரித்துவிட்டது. நம்ம பக்கத்திலிருந்து பா. ரஞ்சித் 2022இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ எடுத்து, தலித் பெண்ணின் காதலையும் தன்பால் காதலையும் ஒரே மேடையில் ஏற்றினார். நாம் இன்னும் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

சேரிக்குள்ளும் இப்படி நேசிக்கிற பிள்ளைகள் இருக்கு. ஊரும் விரட்டி, சேரியும் விரட்டினால் அதுக எங்க போகும்? சாதி ஒழிப்பு பேசுகிற வாயால் ‘குடும்ப மானம்’ பேசாதீர்கள். அந்தப் பெண் அதன்பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. கூப்பிடப் போகவேண்டியது நாம்தான்.