குற்றம் மெத்தில் தொகுதியின்மேல் அல்ல

மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் மெத்தனாலைவிட வலுக்குறைந்த அமிலமாக இருப்பதற்கு, எலக்ட்ரானைத் தள்ளும் மெத்தில் தொகுதிகளே காரணம் என்று ஒரு கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். தண்ணீரில் அந்த வரிசை சரிதான். அவர் சொல்லும் காரணம் சரியல்ல.

மூலக்கூறின் இயல்பே காரணமென்றால், கரைப்பானை நீக்கினாலும் வரிசை மாறக்கூடாது. 1968-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பிராமனும் பிளேரும் வாயு நிலையில் சோதித்தார்கள், வரிசை தலைகீழானது. புரோட்டானைப் பிரிக்க மெத்தனாலுக்கு மோலுக்குச் சுமார் 1597 கிலோஜூல் தேவை. மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலுக்கு 1567 போதும். தண்ணீருக்கோ 1633! பெரிய ஆல்கைல் தொகுதியின் எலக்ட்ரான் மேகம் எதிர்மின்சுமைக்கேற்ப நெகிழ்ந்து அதை நிலைப்படுத்துகிறது. கரைசலில் அதே பருமன்தான் தண்ணீர் மூலக்கூறுகள் ஆக்சிஜனை நெருங்கவிடாமல் தடுக்கிறது. நீரேற்றத்தில் ஏற்படும் அந்த இழப்பே வரிசையைத் திருப்புகிறது.

அமீன்களும் இதையே சொல்கின்றன. வாயு நிலையில் அம்மோனியாவிலிருந்து டிரைமெத்தில் அமீன் வரை காரத்தன்மை படிப்படியாக ஏறுகிறது. தண்ணீரில் டைமெத்தில் அமீன் முந்திக்கொள்கிறது. எலக்ட்ரான் தள்ளுதலை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது.

அரை நூற்றாண்டுக்கு முன்பே பிழையென நிறுவப்பட்ட விளக்கத்தை மாணவர்கள் இன்னும் மனப்பாடம் செய்வது எனக்குப் பெரும் வருத்தம். ஆசிரியர்களே, அமில வலிமையைக் கற்பிக்கும்போது எந்தக் கரைப்பானில் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.