பெட்டியை மாத்து!

ஒரகடத்தில் அலிசன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்கிற இடம். அதே ஒரகடத்தில் டெய்ம்லர்காரர்கள் 2012-லிருந்து லாரியே செய்கிறார்கள். கொஞ்சம் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஆக, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு கார் செய்யத் தெரியும், லாரி செய்யத் தெரியும், கிளட்ச் பெடலே இல்லாத கியர்பாக்ஸும் செய்யத் தெரியும்.

அதே மாவட்டத்தில், உத்திரமேரூர் பக்கம் கல்குவாரியில் உழைத்துத் தேய்ந்த ஒரு பழைய ஆட்டோமேட்டிக் டிப்பர், ஒரு நாள் காலையில் ‘உறுமுது, ஆனா நகர மாட்டேங்குது’ என்று நின்றுவிட்டால் என்ன நடக்கும்? கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பையன் வருவான். ஸ்கேனரைச் செருகுவான். திரையில் ஒரு எரர் கோடு வரும். அடுத்து வருவது மூன்றே வார்த்தை: “பெட்டியை மாத்தணும் சார்.”

பெட்டி என்றால் முழு கியர்பாக்ஸ். பழைய வண்டிக்கு அதன் விலையைக் கேட்டால், வண்டியை விற்றுவிட்டுப் போகலாமா என்று தோன்றும். நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

எரர் கோடு என்பது டாக்டர் எழுதிக் கொடுத்த முடிவு இல்லை ஐயா. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் சொல்கிற மாதிரி அது. மலேரியாவா, டைபாய்டா என்று தெர்மாமீட்டருக்குத் தெரியாது. ‘இந்த சோலனாய்டு சர்க்யூட்டில் கோளாறு’ என்று கோடு வந்தால், சோலனாய்டும் போயிருக்கலாம்; அதற்குப் போகிற ஒயர் எங்காவது உரசி அறுந்திருக்கலாம்; கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருக்கலாம். குவாரி வண்டிக்குப் புழுதியும் தண்ணீரும் புதுசா என்ன? ஒயரில் தப்பு இருந்தாலே கம்ப்யூட்டர் பயந்துபோய் வண்டியை ஒரே கியரில் பூட்டி வைத்துவிடும். அதற்குப் போய் லட்சக்கணக்கில் பெட்டி மாற்றுவதை என்னவென்று சொல்வது? நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்றே தெரியவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஆயில். அதையும் வண்டியைச் சூடாக்கி, என்ஜின் ஓடும்போது, நியூட்ரலில் பார்க்க வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். ‘இருக்கட்டுமே’ என்று அதிகம் ஊற்றினாலும் ஆயில் நுரைத்து, பிரஷர் விழும். அப்புறம் மூக்கு. கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் பிளேட் வெந்திருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது, குற்றவாளி கூலர்.

அடுத்த கேள்வி: ரிவர்ஸ் பிடிக்கிறதா? இந்த ஒரு கேள்வியில் பாதி வழக்கு முடிந்துவிடும். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை என்றால் ஆயில், ஃபில்டர், பம்ப், டார்க் கன்வர்ட்டர் என்று எல்லா கியருக்கும் பொதுவான இடங்களைச் சந்தேகிக்கலாம். ரிவர்ஸ் ஜோராகப் பிடித்து, முன் கியர்கள் மட்டும் வழுக்கினால் பம்ப் பாவம், அதை விட்டுவிடலாம். முன்னோக்கி ஓட்டுகிற கிளட்ச், அதன் சீல், அதற்கு ஆயில் போகிற வழி ஆகியவற்றில்தான் சமாசாரம். பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்த்தால் இதுவும் தெளிவாகிவிடும். பேனைக் கழற்றினால் அடியில் என்ன படிந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கறுப்புப் பொடி என்றால் கிளட்ச் தேய்மானம்; பளபள இரும்புச் சில்லு என்றால் விஷயம் கொஞ்சம் பெரிசு.

இதில் எதற்கு அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டும், சொல்லுங்கள்.

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. நம்ம ஊர் ஷெட்டுகளிலும் கூத்து நடக்கிறது. கையில் கிடைத்த ஆயிலை ஊற்றுவது. ‘கிளட்ச் பெடல் இல்லையா, எல்லாம் ஒண்ணுதான்’ என்று ஆரம்பிப்பது. எல்லாம் ஒன்றில்லை. இன்றைக்குப் புது லாரிகளில் வருகிற ஏ.எம்.டி. என்பது சாதா கியர்பாக்ஸ். டிரைவரின் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் கிளட்சை மிதித்து கியரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். முழு ஆட்டோமேட்டிக்கில் சுழலும் ஆயில்தான் என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் கைகோத்து நிற்கிறது. ஒன்றின் வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. வெந்த கிளட்ச் பிளேட்டை எடுத்துவிட்டுப் புதுசு போடுவார்கள். மூன்று மாதத்தில் அதுவும் வெந்துவிடும். “ஆட்டோமேட்டிக்கைப் பிரிச்சா அவ்ளோதான் சார்” என்று பழி பெட்டி மேல் விழும். பிளேட் ஏன் வெந்தது என்று யாருமே கேட்கவில்லையே! ஒரு ரப்பர் சீல் விறைத்துப்போய் பிரஷர் கசிந்திருக்கும். கிளட்ச் இறுகப் பிடிக்காமல் வழுக்கி, சூடேறி, எரிந்திருக்கும். பிளேட் செத்தது நிஜம். கொன்றது அந்தச் சீல். அது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஒழுங்காக ரீபில்ட் செய்கிறவன் முதலில் இடத்தைத்தான் சுத்தம் செய்வான். வால்வ் பாடியில் ஒரு மணல் துகள் போதும், வால்வு சிக்கிக்கொள்ள. சீல்கள் எல்லாம் புதுசு. புது பிளேட்டுகளை அதே ஆயிலில் ஊற வைத்துத்தான் மாட்டுவான். கிளட்ச் இடைவெளியை அளந்து பார்ப்பான். மூடுவதற்கு முன்னால் காற்றைச் செலுத்தி ஒவ்வொரு கிளட்சும் ‘டப்’ என்று பிடிக்கிறதா என்று சோதிப்பான். பழைய பொடி தங்கியிருக்கும் டார்க் கன்வர்ட்டரையும் கூலர் பைப்பையும் விட மாட்டான். விட்டால் அந்தப் பொடி முதல் நாளே புதுப் பெட்டிக்குள் குடியேறிவிடும். இதே காரணத்தால்தான் முழுசாக மாற்றிய பெட்டியும் சில இடங்களில் படுத்துக்கொள்கிறது!

பெட்டியின் மேல்கூடே விரிசல் விட்டிருந்தால், உள்ளே பல்சக்கரங்கள் உடைந்திருந்தால் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். டியூ கட்ட வேண்டியவனுக்கு வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். அவன் அவசரமும் புரிகிறது. ஆனால், அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பார்க்காமலே சொல்வதற்குப் பெயர் என்ன?

பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஜக்கார்டு பெட்டி மக்கர் செய்தால், அட்டையில் தப்பா, கொக்கியில் தப்பா, கயிற்றில் தப்பா என்று பார்க்காமல் எந்த நெசவாளியாவது தறியை மாற்றுவாரா? ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில், கையாலேயே முடிச்சுப் போட்டுச் சேர்க்கிற ஊர் இது. பொறுமை இல்லை, விரல் இல்லை என்று இந்த ஊர்க்காரனைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

இல்லாதது வேறு. மேனுவல் இல்லை. பாஸ்வேர்டு இல்லை. ஒரு சீல் கிட் தனியாகக் கேட்டால் ‘அசெம்பிளியாத்தான் வரும்’ என்கிற பதில்.

இது என் கற்பனைப் புலம்பல் இல்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகத்தையும் டயக்னாஸ்டிக் கருவியையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். மறு வருஷம் இதே மாதிரிக் காரணத்துக்காக ஹூண்டாய்க்கு 420 கோடி. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. வக்கீல்களுக்கு வேலை கிடைத்தது, மெக்கானிக்குகளுக்கு மேனுவல் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் ‘பழுது பார்க்கும் உரிமை’யை மக்கள் ஓட்டுக்கே விட்டார்கள், எண்பது சதவீதத்துக்கு மேல் ஆதரவு. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் அதே பெயரில் ஒரு வலைத்தளம் திறந்தது. நல்லது. கட்டாயப்படுத்துகிற சட்டம் இல்லாமல் வலைத்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு லாரிக்காரன் என்ன செய்வான்? அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2021-ல், பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டும் கொள்கை மட்டும் மளமளவென்று வந்துவிட்டது. உடைக்க அவசரம், ரிப்பேருக்கு நிதானம்!

டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்கும் திட்டத்தில் தமிழக அரசு இறங்கியது. ஒரகடம் ஐ.டி.ஐ.யும் அதில் ஒன்று. ரோபோ வரட்டும், சந்தோஷம். அந்த ரோபோவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, ஓடித் தேய்ந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நாலு கொண்டுவந்து வையுங்கள். பிரஷர் கேஜும் சர்வீஸ் மேனுவலும் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். நிலம், மின்சாரம், வரிச்சலுகை என்று பேசும்போது அரசு அவர்களிடம் இந்த ஒரு புத்தகத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாம். இனிமேலாவது கேட்கலாம்.

டிப்பர் முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ‘பெட்டியை மாத்து’ என்று யாராவது சொன்னால், ரிவர்ஸ் பிடிக்கிறதா, பிரஷர் எவ்வளவு, பேனில் என்ன இருந்தது என்று மூன்றையும் எஸ்டிமேட் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.