வருகையாளரா, வாழ வந்தவளா?

பிரிட்டனின் விசிட்டர் விசா மறுப்புக் கடிதங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். பயணம் முடிந்ததும் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறுவீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை என்பதே அதன் சாரம். அதை எழுதிய அதிகாரி பெரும்பாலும் உங்களை நேரில் பார்த்திருக்க மாட்டார். ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் நாளை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவருக்குத் தெரியும். குடியேற்ற விதிகளில் 'உண்மையான வருகையாளர்' என்று ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறவேண்டியவர் செய்த குற்றம் எதையும் அரசு நிரூபிக்கத் தேவையில்லை. செய்யப்போவதில்லை என்பதை அவர்தான் நிரூபிக்கவேண்டும்.

காதலனையோ காதலியையோ பார்க்கப்போகும் ஒருவருக்கு இந்தக் கடிதம் வரும்போது, 'பேப்பர் சரியில்லை, அடுத்தமுறை பார்த்துக்கலாம்' என்று சுற்றியிருப்பவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். பேப்பர் பிரச்சினையாக மட்டும் இதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்தப் பெண்ணின் உறவு நம்பத்தக்கது, எந்தப் பெண்ணின் சொல் செல்லும், எந்தப் பெண் தனியாக விமானம் ஏறலாம் என்று அரசு எழுதும் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

1979 ஜனவரியில் இந்தியாவிலிருந்து ஓர் ஆசிரியை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். வயது 35. அங்கே வாழ்ந்த தன் வருங்காலக் கணவரை மணக்க வந்தவர். மணமாகாத பெண்ணென்றால் முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. மனைவியாக வந்தால் காத்திருந்து அனுமதி வாங்கவேண்டும் என்பது அப்போதைய விதி. அவர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. அவருடைய உடலில் 'கன்னித்தன்மைப் பரிசோதனை' செய்தார்கள். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்ததும் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. அவர் ஒருவர் மட்டுமல்ல. 80க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தக் கொடுமை நடந்ததை 2011இல் ஆய்வாளர்கள் அரசு ஆவணங்களிலிருந்தே வெளிக்கொண்டுவந்தார்கள். இந்தியப் பெண் கல்யாணத்துக்கு முன் கன்னியாகத்தான் இருப்பாள் என்ற நம் ஊர்த் திண்ணைப் பேச்சு, ஒரு வல்லரசின் எல்லைக் காவலுக்கு அளவுகோலாயிற்று.

அதற்கடுத்த ஆண்டில் இன்னொரு விதி வந்தது. பிரிட்டனில் குடியிருக்கும் ஆண் தன் மனைவியை வரவழைக்கலாம். பெண் தன் கணவனை வரவழைக்கவேண்டுமானால் அவள் பிரிட்டிஷ் குடிமகளாக இருந்தால் மட்டும் போதாது. அவளோ அவள் பெற்றோரில் ஒருவரோ அந்த மண்ணில் பிறந்திருக்கவேண்டும். பெண் கணவனைப் பின்தொடர்ந்து போவாள், கணவன் பெண்ணைப் பின்தொடர்ந்து வருவானா என்பதுதான் இதன் உள்ளே இருந்த எண்ணம். அப்துல் அஜீஸ், கபாலெஸ், பல்கண்டலி என்ற மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். 1985 மே மாதம் தீர்ப்பு வந்தது: இது பாலினப் பாகுபாடு. பெண்கள் வென்றார்கள். அரசு என்ன செய்தது? கணவர்களுக்கான கதவைத் திறக்கவில்லை. மனைவிகளுக்கான கதவையும் அதே அளவுக்குச் சாத்தியது. ஆண்களுக்கு இருந்த உரிமையைப் பறித்து, இதோ சமத்துவம் என்றது.

சமத்துவம் என்ற சொல்லை மட்டும் கேட்டு வாங்கினால் கையில் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இன்று எந்த விமான நிலையத்திலும் அப்படி உடலைச் சோதிப்பதில்லை. வங்கிக் கணக்கைச் சோதிக்கிறார்கள். சோதனையின் பெயர் 'சொந்த நாட்டோடு உள்ள பிணைப்பு'. வேலைக் கடிதம், ஆறு மாத வங்கி அறிக்கை, சொத்துப் பத்திரம், கணவன் பிள்ளைகள். இவை இருந்தால் நீங்கள் திரும்பி வருவீர்கள். இல்லாவிட்டால் ஓடிப்போவீர்கள்.

ஒரு பெண்ணை எண்ணிப்பாருங்கள். 27 வயது. தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. சம்பளம் கவரில் வரும். வீடு அப்பா பெயரில், நகை அம்மாவின் பீரோவில். படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது அவள்தான். அவள் காதலிக்கும் ஆண் லெஸ்டரில் இருக்கிறான். இரண்டு வாரம் போய்வர நினைக்கிறாள். ஊரோடு அவளுக்குள்ள பிணைப்பு அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பாட்டியின் மாத்திரைக்கு எந்த அலுவலகம் சான்றிதழ் தரும்?

பெண்ணிடம் சொத்துப் பத்திரம் கேட்பதே ஒரு கேலிதான். தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று 1989இலேயே சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. 'அண்ணனுக்கு விட்டுக்கொடும்மா' என்று சொல்லி எத்தனை வீடுகளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று நமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஒரு சமூகம் பெண்ணுக்குச் சொத்து கொடுக்க மறுக்கிறது. இன்னொரு நாடு, சொத்தில்லாத பெண்ணை நம்ப மறுக்கிறது. இரண்டுக்கும் அபராதம் கட்டுவது ஒரே பெண்.

இதில் உறவு என்பதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். காதல் உறுதியானது என்று காட்டினால், அங்கேயே தங்கிவிடுவாள் என்று சந்தேகம். புதிய பழக்கம்தான் என்று காட்டினால், இதற்காகவா இவ்வளவு செலவழித்து வருகிறாய் என்று சந்தேகம். அங்கே இருப்பது பெண்ணாகவும் இங்கிருந்து போவது ஆணாகவும் இருந்தால் சந்தேகம் அவள் அறிவின்மேல் விழுகிறது: ஏமாந்துவிட்டாளோ? தன் சம்பளச் சீட்டையும், இருவரும் எடுத்துக்கொண்ட படங்களையும், இரவில் அனுப்பிய குறுஞ்செய்திகளையும் அச்செடுத்து முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் அவள் வைக்கவேண்டும்.

இன்னும் ஒரு கேலி கேளுங்கள். மணமாகாத துணைவராக விண்ணப்பிக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டுகள் மணவாழ்க்கையைப் போலச் சேர்ந்து வாழ்ந்திருக்கவேண்டும் என்று 2024 ஜனவரிவரை விதி இருந்தது. இப்போது ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருப்பது கட்டாயமில்லை. ஆனால் மணவாழ்க்கைக்கு நிகரான இரண்டாண்டு உறவு இன்னும் தேவை. போய்ப் பார்க்கவே விடாமல், ஒன்றாக இருந்ததற்குச் சான்று கேட்கும் ஏற்பாடு இது.

இந்தச் சந்தேகம் ஓரிரு அதிகாரிகளின் குணக்கேடு என்று நினைக்கவேண்டாம். 2015 முதல் பிரிட்டனின் உள்துறை, விசா விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. அதில் விண்ணப்பதாரரின் நாடும் கணக்கில் எடுக்கப்பட்டது. உரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்ததும் 2020 ஆகஸ்டில் அதைக் கைவிட்டார்கள். ஐந்தாண்டுகள், பிறந்த மண்ணைப் பார்த்து மனிதருக்குச் சிவப்பு மை அடித்திருக்கிறார்கள்.

மறுத்தால் எங்கே போய்க் கேட்பது? குடும்பத்தாரைப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒருகாலத்தில் மேல்முறையீட்டு உரிமை இருந்தது. 2013 ஜூன் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். மனித உரிமை மீறல் என்று வாதாடும் ஒரு குறுகிய வழி உண்டு, நீதித்துறை மறுஆய்வு உண்டு. அதற்கு வக்கீலும் பணமும் வேண்டும். ஆறு மாத விசாவுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. மறுத்தால் அது திரும்பி வராது. நம் தற்காலிக ஆசிரியையின் ஒரு மாதச் சம்பளமே அதில் போய்விடும். பிறகு எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் 'உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதவேண்டும். எழுதினால் சந்தேகம். மறைத்தால் மோசடி.

'அவ்வளவு பிரியம் என்றால் கல்யாணம் செய்துகொண்டு போகவேண்டியதுதானே?' இந்தக் கேள்வியை நம் வீட்டுப் பெரியவர்களும் கேட்கிறார்கள், முற்போக்கு நண்பர்களும் கேட்கிறார்கள். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

போய்ப் பார்த்துவருவது என்றால் என்ன? அவன் தன் வீட்டில் எப்படி இருக்கிறான், கோபம் வந்தால் என்ன செய்கிறான், சமைத்த பாத்திரத்தைக் கழுவுகிறானா, நண்பர்களிடம் அவளை என்னவென்று அறிமுகப்படுத்துகிறான் என்று கண்ணால் காண்பது. பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்புவது. விசிட்டர் விசா என்பது 'வேண்டாம்' என்று சொல்வதற்கான அவகாசம். அதை மறுத்துவிட்டு, மனைவியாக வா என்றால், பார்க்காமலே கழுத்தை நீட்டு என்று பொருள். பெண் பார்க்க வருபவனுக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைக்கிறோம். மாப்பிள்ளையைப் பார்த்துவரப் போகும் பெண்ணுக்கு மறுப்புக் கடிதம்.

கல்யாணமே செய்துகொண்டாலும் என்ன கிடைக்கிறது? துணையை வரவழைப்பவரின் ஆண்டு வருமானம் 2012இல் 18,600 பவுண்டு என்று வரையறுக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக ஏறியது. பகுதிநேர வேலை செய்யும் பெண்ணால், குழந்தை வளர்க்கும் பெண்ணால் இதை எட்டுவது கடினம். வரவழைப்பவன் ஆணென்றால், போகிறவளின் குடியிருப்பு உரிமை அந்த ஆணோடு கட்டப்படுகிறது. அடித்தாலும் பொறுத்துக்கொள், விசா போய்விடும் என்ற மிரட்டலை வெளிநாட்டு மணவாழ்வில் சிக்கிய பெண்கள் நன்றாக அறிவார்கள். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தனி விதி இருக்கிறது. அது இருப்பதே தெரியாத பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

கல்யாணம் செய்துகொள் என்று சொல்கிறவர்கள், கல்யாணமே செய்துகொள்ள முடியாதவர்களை மறந்துவிடுகிறார்கள். தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது. இலங்கையில் தன்பால் உறவே இன்னும் தண்டனைச் சட்டத்தில் குற்றம். மதுரையில் இருக்கும் பெண்ணும் மான்செஸ்டரில் இருக்கும் பெண்ணும் காதலித்தால், ஊரில் மணக்க வழியில்லை. வீட்டில் சொல்ல வழியில்லை. 'தோழியைப் பார்க்கப் போகிறேன்' என்று விண்ணப்பத்தில் எழுதினால் அரைப்பொய். உண்மையை எழுதினால், அந்தக் காகிதம் வீட்டார் கண்ணில் பட்டுவிடுமோ என்ற நடுக்கம்.

எல்லையைக் காப்பது அரசின் உரிமை, ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். விசா முடிந்தும் தங்கியவர்மேல் நடவடிக்கை எடுக்க அந்த அரசிடம் சட்டம் இருக்கிறது. யாரோ ஒருவர் தங்கிவிட்டார் என்பதற்காக, இளம்பெண், மணமாகாதவள், சொத்தில்லாதவள் என்று ஒரு கூட்டத்தையே முன்கூட்டித் தண்டிப்பது காவல் இல்லை, பழிசுமத்தல். வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்பினால் கெட்டுப்போவாள் என்கிறது நம் ஊர். தனியாக வந்தால் திரும்பமாட்டாள் என்கிறது அந்த ஊர். இரண்டு பேச்சுக்கும் தகப்பன் ஒருவன்தான்.

ஆகவே நாம் கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். பறித்த மேல்முறையீட்டு உரிமையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மறுப்பதென்றால் அந்த மனிதரைப் பற்றிய காரணம் வேண்டும். அச்சடித்த வாக்கியம் போதாது. மறுத்தால் கட்டணம் திரும்பவேண்டும். காதல் உறவை, திரும்பிவர மாட்டார் என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலையையும் பிணைப்பாக எண்ணவேண்டும். மறுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் துணையைப் பார்க்க விண்ணப்பித்தவர்கள் என்ற கணக்கைப் பிரித்து வெளியிடவேண்டும்.

நம்மிடமும் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கடிதம் வந்த பெண் அதை வெட்கத்தோடு மறைத்துவைக்கிறாள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைக்கிறாள். 'எதற்கு வெளிநாட்டுக்காரனைப் பிடித்தாய்' என்று அவளிடம் கேட்பதை நிறுத்துவோம். கல்லூரியில், சங்கத்தில், வாசிப்பு வட்டத்தில் அந்தக் கடிதங்களை எடுத்துவரச் சொல்வோம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விரித்து வைத்துப் படிப்போம். ஒரே வாக்கியம் எத்தனை பெண்களுக்கு வந்திருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால், குறை யாரிடம் என்பது விளங்கிவிடும்.